துளை பொருந்தினால் போதுமா?
பழைய பிக்கப் வண்டிக்கு வேறொரு காரின் சுருள்வில்லை மாட்டும்போது இயற்பியல் கேட்கும் கேள்விகள்

மாணவர்களே, இந்த வாரம் உங்களிடம் ஒரு பட்டறை வேலையை ஒப்படைக்கிறோம்.

இடம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம். பட்டறையில் 1953ஆம் ஆண்டின் ஃபோர்டு எஃப்-100 பிக்கப் வண்டி ஒன்று நிற்கிறது. உருண்டு திரண்ட முகப்பு. பின்னால் சாமான் ஏற்றும் திறந்த பெட்டி. இயந்திரம் நன்றாக ஓடுகிறது. ஆனால், சாலையில் வரும் ஒவ்வொரு குழியும் ஓட்டுநரின் முதுகில் இடிக்கிறது. ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறினால் மறுபக்கச் சக்கரமும் சாய்கிறது. பட்டறையின் மூலையில், 1970களில் வந்த ஒரு சிறிய காரிலிருந்து கழற்றிய முன்சக்கர அமைப்பு முழுதாகக் கிடக்கிறது. சுருள்வில், இரும்புக் கைகள், பிரேக் எல்லாம் அதில் இருக்கின்றன. விலையும் மலிவு.

அதை இந்தப் பிக்கப்புக்கு மாட்டலாமா?

“துளையும் போல்ட்டும் பொருந்துகின்றனவா என்று பார்த்தால் போதுமே” என்று நீங்கள் நினைக்கலாம். பொருந்தாத துளையைப் பட்டறையில் பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம். ஆனால், அந்தச் சுருள்வில் வேறொரு காரின் எடைக்காகச் செய்யப்பட்டது. அதைத் தாங்கும் கைகள் வேறொரு காரின் உயரத்துக்கும் அகலத்துக்கும் ஏற்ப அமைந்தவை. எடையும் உயரமும் மாறும்போது என்ன நடக்கும் என்பதைக் கணக்கிடாமல் மாட்டினால், வண்டி பட்டறையில் அழகாக நிற்கும். நெடுஞ்சாலையில் ஓட்டுநரின் கையை மீறும்.

கணக்கைத் தொடங்குமுன், இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

கழித்த வண்டிகளிலிருந்து வளர்ந்த கலை

பழைய வண்டியை மலிவாக வாங்கி, தேவையற்ற பாகங்களைக் கழற்றி எறிந்து, இயந்திரத்தை வலுவாக்கி, வேகமாக ஓட்டும் வண்டிக்கு ‘ஹாட் ராட்’ என்று பெயர். 1930களில் தென் கலிஃபோர்னியாவின் இளைஞர்கள் இத்தகைய வண்டிகளை வறண்ட ஏரிகளின் தட்டையான தரைக்குக் கொண்டுபோய் ஓட்டினார்கள். முரோக், எல் மிராஜ் ஆகிய ஏரிகள் அதற்குப் பெயர்பெற்றவை. அந்த ஓட்டங்களுக்கு விதிமுறை வகுக்க 1937இல் தென் கலிஃபோர்னிய நேரக் கணிப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ என்ற பெயரிலேயே ஓர் இதழும் வெளிவந்தது.

அந்த இளைஞர்களிடம் பணம் குறைவு. ஆகவே, விபத்தில் சிக்கிய வண்டிகளையும் கழித்துவிட்ட வண்டிகளையும் உடைத்து விற்கும் இடங்களே அவர்களின் கடைவீதி. எடுத்துக்காட்டாக, ஃபோர்டு நிறுவனம் 1939இல்தான் தன் கார்களில் திரவ அழுத்தப் பிரேக்கைப் பொருத்தியது. அதற்கு முந்தைய ஃபோர்டு கார்களில் கம்பியாலும் தண்டாலும் இழுக்கும் பிரேக்தான். 1939க்குப் பிந்தைய காரிலிருந்து பிரேக்கைக் கழற்றி, 1932ஆம் ஆண்டுக் காரில் மாட்டுவது ஹாட் ராட் பட்டறைகளில் வழக்கமாயிற்று. வேகத்தைக் கூட்டியவர்கள் நிறுத்தும் வழியையும் தேட வேண்டியிருந்தது.

பிரேக்கைப் போலவே சஸ்பென்ஷன் எனப்படும் அதிர்வுதாங்கி அமைப்பும் ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாறியது.

வில் வண்டியும் பிக்கப்பும்

மாட்டு வண்டிகளில் ஒரு வகைக்குத் தமிழில் ‘வில் வண்டி’ என்று பெயர். அச்சுக்கும் வண்டிக்கூட்டுக்கும் நடுவே வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். குழியில் சக்கரம் இறங்கும்போது அந்த வில் வளைந்து கொடுக்கும். உள்ளே இருப்பவருக்கு இடி குறையும்.

1953ஆம் ஆண்டு எஃப்-100 பிக்கப்பிலும் இதே ஏற்பாடுதான். முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்பு அச்சு இணைக்கிறது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பட்டைவில்கள் அந்த அச்சின்மேல் வண்டியைத் தாங்குகின்றன. உறுதியான, எளிய அமைப்பு. அரை டன் சுமை ஏற்றும் வேலை வண்டிக்கு அது பொருத்தமானது. ஆனால், ஒரே அச்சு என்பதால் ஒரு சக்கரம் மேலேறினால் மற்றதும் சாய்ந்தே ஆகவேண்டும்.

மூலையில் கிடக்கும் அமைப்பு 1974 முதல் 1978 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் 2 காரிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஹாட் ராட் பட்டறைகளில் மிகவும் புகழ்பெற்ற பழைய பொருள் இதுதான். இதில் ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் தனித்தனியே இரண்டு கைகள் உண்டு: மேலே குட்டையான கை, கீழே நீளமான கை. கீழ்க் கையின்மேல் சுருள்வில் நிற்கிறது. ஒரு சக்கரம் ஏறினால் மற்றது தன் பாட்டுக்கு இருக்கும். திருப்புவதற்குப் பற்சட்டமும் சிறு பற்சக்கரமும் கொண்ட ‘ரேக்-பினியன்’ அமைப்பு. நிறுத்துவதற்கு வட்டு பிரேக். எல்லாம் குறுகிய இடத்துக்குள் அடங்கிவிடுவதால், பழைய பிக்கப்பின் இரண்டு நீளச் சட்டங்களுக்கு நடுவே ஒரு குறுக்குச் சட்டத்தைப் பற்றவைத்து இதைப் பொருத்த முடிகிறது.

இனி நம் கேள்விகள்.

முதல் கேள்வி: வில்லின்மேல் எவ்வளவு எடை?

ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் 1678இல் விளக்கிய விதியை நீங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். விசை இரட்டித்தால் வில்லின் அமுக்கமும் இரட்டிக்கும்.

விசை = வில் மாறிலி × அமுக்கம்

வில் மாறிலி என்பது வில்லை 1 மீட்டர் அமுக்கத் தேவையான விசை. அது பெரிதானால் வில் விறைப்பானது.

ஒரு கணக்கைப் போடுவோம். எண்கள் கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்டவை. பழைய சிறிய காரில் ஒரு முன்சக்கரத்தின் வில்லின்மேல் 300 கிலோ நிறை நின்றது. அதன் எடை ஏறத்தாழ 3,000 நியூட்டன். சக்கரத்தின் இடத்தில் அளந்த வில் மாறிலி மீட்டருக்கு 20,000 நியூட்டன். அப்படியானால் அமுக்கம்:

3,000 ÷ 20,000 = 0.15 மீட்டர், அதாவது 15 செ.மீ.

இப்போது அதே வில்லின்மேல் நம் பிக்கப்பை நிறுத்துகிறோம். பெரிய இயந்திரம், கனமான இரும்பு முகப்பு. ஒரு சக்கரத்துக்கு 360 கிலோ என்று கொள்வோம்.

3,600 ÷ 20,000 = 0.18 மீட்டர், அதாவது 18 செ.மீ.

வண்டி 3 செ.மீ. தாழ்ந்துவிட்டது. 3 செ.மீ. சிறிய அளவுதானே என்று தோன்றும். ஆனால், ஒரு வில் முழுதாக நசுங்குமுன் எஞ்சியிருக்கும் இடமே சில செ.மீ.தான். அதில் 3 செ.மீ.ஐ வண்டி நிற்கும்போதே தின்றுவிட்டது. அடுத்த பெரிய குழியில் இரும்பு இரும்போடு மோதும்.

அமுக்கம் இன்னொன்றையும் தீர்மானிக்கிறது. வண்டியை அமுக்கி விட்டால் அது மேலும் கீழுமாக ஆடும். ஒரு நொடியில் எத்தனை முறை ஆடுகிறது என்பதே அதிர்வெண்.

அதிர்வெண் = √(வில் மாறிலி ÷ நிறை) ÷ 6.28

சாதாரணப் பயணிகள் கார்களில் இது ஏறத்தாழ 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். சூத்திரத்தைச் சற்றுத் திருப்பிப் போட்டால் ஓர் அழகான உண்மை தெரியும்: நிற்கும்போது வில் எவ்வளவு அமுங்குகிறது என்று தெரிந்தாலே அதிர்வெண் தெரிந்துவிடும். 25 செ.மீ. அமுங்கினால் ஏறத்தாழ 1 ஹெர்ட்ஸ். 15 செ.மீ. என்றால் 1.3 ஹெர்ட்ஸ். 6 செ.மீ. மட்டும் என்றால் 2 ஹெர்ட்ஸ். அது உடலைக் குலுக்கும் பயணம்.

நம் 360 கிலோவுக்கு 15 செ.மீ. அமுக்கம் வேண்டுமென்றால், சக்கரத்தில் வேண்டிய மாறிலி 3,600 ÷ 0.15 = மீட்டருக்கு 24,000 நியூட்டன். பழைய வில் தந்தது 20,000. ஆகவே, அந்த அமைப்பின் கைகளை வைத்துக்கொண்டு வில்லை மட்டும் மாற்ற வேண்டும்.

கண்ணால் பார்த்து வில்லைத் தேர்ந்தெடுக்க முடியாதா? முடியாது. சுருளும் நீளமும் ஒன்றாக இருந்தாலும், கம்பியின் விட்டம் சற்று மாறினாலே விறைப்பு வெகுவாக மாறும். விறைப்பு, கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 14 மி.மீ. கம்பிக்குப் பதில் 15 மி.மீ. கம்பி என்றால் 15 ÷ 14 என்பதை நான்கு முறை பெருக்குங்கள். விடை ஏறத்தாழ 1.32. ஒரே ஒரு மி.மீ. கூடியதால் வில் 32 விழுக்காடு விறைப்பாகிறது! மஸ்டாங் 2 கார் நான்கு சிலிண்டர், வி-6, வி-8 என மூன்று வகை இயந்திரங்களோடு வந்தது. இயந்திரத்தின் எடைக்கு ஏற்ப வில்லும் மாறும். பழைய பொருள் கிடக்கும் இடத்துக்கு நீங்கள் வெர்னியர் அளவியைக் கொண்டுபோக வேண்டிய காரணம் இதுதான்.

அறுத்தால் மென்மையாகுமா?

வண்டியைத் தாழ்த்துவதற்காகச் சுருளில் ஒன்றிரண்டு சுற்றுகளை அறுத்துவிடுவோர் உண்டு. “இரும்பைக் குறைத்தோம், வில் தளர்ந்துவிடும்” என்று நினைப்பார்கள். உண்மை நேர்மாறானது. ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் கொஞ்சம் முறுக்கிக்கொடுத்துத்தான் மொத்த அமுக்கம் வருகிறது. சுற்று குறைந்தால் முறுக்கிக்கொடுக்கும் நீளம் குறைகிறது. வேலை செய்யும் 8 சுற்றுகளில் 2 போனால், மாறிலி 8 ÷ 6 = 1.33 மடங்காகிறது. வண்டி தாழ்கிறது; வில் விறைக்கிறது.

தீச்சுடரால் சூடாக்கி வில்லைத் தளர்த்துவது இதைவிட மோசம். வில்லெஃகு தன் மீளும் தன்மையைக் கவனமான வெப்பப் பதப்படுத்தலால் பெறுகிறது. கண்டபடி சூடாக்கினால் அந்தப் பதம் கெட்டு, சில இடங்களில் தொய்யும். சில இடங்களில் முறியும்.

இரண்டாம் கேள்வி: வில் எங்கே நிற்கிறது?

மேலே “சக்கரத்தின் இடத்தில் அளந்த மாறிலி” என்று சொன்னோம். ஏன்? சுருள்வில் சக்கரத்துக்கு நேர்மேலே நிற்பதில்லை. அது கீழ்க் கையின் நடுவில் எங்கோ நிற்கிறது. கை ஒரு நெம்புகோல்.

கை சட்டத்தில் பூட்டப்பட்ட இடத்திலிருந்து சக்கர முனைவரை 30 செ.மீ., வில் நிற்கும் இடம்வரை 18 செ.மீ. என்று கொள்வோம். விகிதம் 18 ÷ 30 = 0.6. சக்கரம் 15 செ.மீ. ஏறினால் வில் 9 செ.மீ. மட்டுமே அமுங்கும். சக்கரத்தில் 3,600 நியூட்டன் வேண்டுமானால், வில் 3,600 ÷ 0.6 = 6,000 நியூட்டன் தரவேண்டும். ஆகவே, வில்லின் சொந்த மாறிலி:

6,000 ÷ 0.09 = மீட்டருக்கு ஏறத்தாழ 66,700 நியூட்டன்.

சக்கரத்தில் 24,000 வேண்டுமானால் வில்லில் 66,700 வேண்டும். 24,000 ÷ 66,700 = 0.36, அதாவது 0.6இன் வர்க்கம். நெம்புகோல் விசையையும் ஒரு முறை குறைக்கிறது, நகர்வையும் ஒரு முறை குறைக்கிறது. அதனால்தான் வர்க்கம் வருகிறது. வேறொரு காரில் வில் கையின் முனைக்கு அருகே நின்றிருக்கலாம். அந்த வில்லைக் கழற்றி இந்தக் கையில் வைத்தால், அது நல்ல வில்லாக இருந்தாலும் இங்கே தொய்ந்துபோகும்.

இந்த வில்லில் அடைபட்டிருக்கும் ஆற்றலையும் பாருங்கள். சராசரி விசை 3,000 நியூட்டன், அமுக்கம் 0.09 மீட்டர். பெருக்கினால் 270 ஜூல். 27 கிலோ மூட்டையை 1 மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவையான ஆற்றல் அது. அமுங்கிய வில் கைநழுவிப் பாய்ந்தால் அத்தனையும் ஒரு நொடிக்குள் வெளிவரும். தகுந்த அமுக்குக் கருவியும் பயிற்சியும் இல்லாமல் யாரும் சுருள்வில்லைக் கழற்றக்கூடாது என்று பட்டறைகளில் சொல்வது வெறும் பயமுறுத்தல் அன்று.

வில் ஆற்றலைச் சேர்த்து வைத்துத் திருப்பித் தரும்; அழிக்காது. தனியே விட்டால் வண்டி ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதற்குள் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கித் தள்ளப்படுகிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. வில்லையும் நிறையையும் மாற்றினால் இதையும் அவற்றுக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

மூன்றாம் கேள்வி: சக்கரம் எந்தப் பாதையில் ஏறுகிறது?

கதவைத் திறக்கும்போது அதன் விளிம்பு வட்டவில்லில் நகர்வதைக் கவனித்திருப்பீர்கள். சஸ்பென்ஷன் கையும் அப்படித்தான். சக்கரம் மேலே ஏறும்போது கையின் முனை சற்று உள்நோக்கியும் வருகிறது.

சக்கரத்தைத் திருப்பும் இணைப்புத் தண்டும் தனக்கென ஒரு வட்டவில்லில் நகர்கிறது. இரண்டு வில்களும் ஒத்துப்போனால் சிக்கல் இல்லை. மஸ்டாங் 2 அமைப்பை முழுதாக எடுத்தால், பொறியாளர்கள் ஏற்கெனவே ஒத்திசைத்த அளவுகள் அப்படியே கிடைக்கும். ஆனால், பிக்கப்பின் அகலத்துக்காகக் கைகளை மட்டும் விலக்கி வைத்து, பழைய பற்சட்டத்தை வேறு நீளத் தண்டுகளோடு பூட்டினால்?

கை 40 செ.மீ., தண்டு 30 செ.மீ. என்று கொள்வோம். இரண்டும் கிடைமட்டமாக ஒரே உயரத்தில் இருக்கின்றன. சக்கரம் 5 செ.மீ. ஏறுகிறது. பைதகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்துங்கள்.

கை உள்வரும் தூரம்: 40 − √(1,600 − 25) = 0.31 செ.மீ.
தண்டு உள்வரும் தூரம்: 30 − √(900 − 25) = 0.42 செ.மீ.

வேறுபாடு ஏறத்தாழ 1 மி.மீ. இந்த 1 மி.மீ. சக்கரத்தைப் பிடித்திழுக்கும் நெம்புகோலின் நீளம் 12 செ.மீ. என்றால், சக்கரம் அரை பாகை திரும்பிவிடும். ஓட்டுநர் கைப்பிடியைத் தொடவில்லை, குழிதான் திருப்பியது. அந்த அரை பாகைக் கோட்டில் 20 மீட்டர் போனால் விலகல் 17 செ.மீ. மறுபக்கச் சக்கரம் இழுத்துப் பிடிப்பதால் வண்டி முழுதாக அவ்வளவு விலகாது. ஆனால், மழை பெய்த நெடுஞ்சாலையில், 90 கிலோமீட்டர் வேகத்தில், ஒவ்வொரு மேட்டிலும் வண்டி தானாக ஒரு பக்கம் உதறினால் ஓட்டுநர் எப்படி நம்பி ஓட்டுவார்?

இன்னொரு கோணமும் உண்டு. கடைத்தொகுதியின் தள்ளுவண்டியை நினைத்துப் பாருங்கள். அதன் முன்சக்கரம், திரும்பும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் இழுபட்டு வரும். அதனால் வண்டி நேராகப் போகிறது. சைக்கிளின் முன்கவையும் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது இதே பயனுக்காகத்தான். கார்களில் திரும்பும் அச்சை இப்படிப் பின்னோக்கிச் சாய்த்து வைப்பதைக் ‘காஸ்டர்’ என்பார்கள்.

ஹாட் ராட் வண்டிகளின் தனி அழகு, மூக்கு தாழ்ந்து பின்புறம் உயர்ந்து நிற்பது. நம் பிக்கப்பின் முன், பின் அச்சுகளின் இடைவெளி 110 அங்குலம், அதாவது 279 செ.மீ. மூக்கு 10 செ.மீ. தாழ்ந்தால், 10 ÷ 279 = 0.036, சாய்கோணம் ஏறத்தாழ 2 பாகை. சட்டம் மட்டமாக இருந்தபோது 4 பாகை காஸ்டர் வைத்துப் பற்றவைத்திருந்தால், வண்டி தரையில் நின்றதும் அது 2 பாகையாகக் குறைந்துவிடும். கைப்பிடி தானாக நடுவுக்குத் திரும்பும் இயல்பு தளரும். எனவே, முதலில் வண்டி எந்தச் சாய்வில் நிற்கப்போகிறது என்று முடிவு செய்து, அந்தச் சாய்விலேயே சட்டத்தை முட்டுக்கொடுத்து நிறுத்தி, பிறகுதான் குறுக்குச் சட்டத்தைப் பற்றவைக்க வேண்டும்.

நான்காம் கேள்வி: சட்டம் தாங்குமா?

பட்டைவில் சட்டத்தை இரண்டு இடங்களில் பிடிக்கிறது: முன்முனையில் ஒன்று, பின்முனையில் ஒன்று. சுமை பகிரப்படுகிறது. சுருள்வில்லோ ஒரே இடத்தில் தன் விசை முழுவதையும் செலுத்துகிறது. நம் கணக்கில் பக்கத்துக்கு 6,000 நியூட்டன். குழியில் இறங்கும்போது அது இன்னும் கூடும்.

பழைய பிக்கப்பின் நீளச் சட்டங்கள் ‘ப’ வடிவத்தைப் பக்கவாட்டில் சாய்த்ததுபோல் ஒரு பக்கம் திறந்தவை. திறந்த வடிவம் வளைவைத் தாங்கும். முறுக்கலைத் தாங்குவது கடினம். ஆகவே, திறந்த பக்கத்தில் எஃகுத் தகட்டைப் பற்றவைத்து நான்கு பக்கமும் மூடிய பெட்டியாக்குகிறார்கள். மூடிய பெட்டி முறுக்கலை எவ்வளவு எதிர்க்கிறது என்பதை நீங்களே ஒரு காகிதக் குழாயால் சோதிக்கலாம். வழி கீழே உள்ளது.

பின்பக்கம்: சுமை வண்டியா, உலா வண்டியா?

பின்பக்கம் நம்மை ஒரு முடிவு எடுக்கச் சொல்கிறது. பிக்கப் காலியாக இருக்கும்போது ஒரு பின்சக்கர வில்லின்மேல் 220 கிலோ. சுமை ஏற்றினால் 470 கிலோ என்று கொள்வோம். தொழிற்சாலையில் வைத்த விறைப்பான பட்டைவில்லின் மாறிலி மீட்டருக்கு 50,000 நியூட்டன் எனில், காலி வண்டியில் அமுக்கம் 4.4 செ.மீ.; அதிர்வெண் 2.4 ஹெர்ட்ஸ். அதனால்தான் காலிப் பிக்கப் குதிக்கிறது. சுமை ஏறியதும் அமுக்கம் 9.4 செ.மீ.; அதிர்வெண் 1.6 ஹெர்ட்ஸ். இப்போது பயணம் அமைதியாகிறது.

சில பட்டைகளை உருவிவிட்டோ, வேறொரு காரின் மென்மையான வில்லை வைத்தோ மாறிலியை 22,000 ஆக்கினால் காலி வண்டியின் அமுக்கம் 10 செ.மீ. ஆகும், அதிர்வெண் 1.6க்கு இறங்கும். அருமையான பயணம்! ஆனால், அதே 250 கிலோவை ஒவ்வொரு பக்கமும் ஏற்றினால் வண்டி மேலும் 11 செ.மீ.க்கு மேல் தாழும். பின்புறம் தாழ்ந்து, மூக்கு தூக்கி, முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பின்பெட்டி இருக்கிறதே என்று யாராவது சிமெண்டு மூட்டைகளை ஏற்றிவிட்டால் ஆபத்து. மென்மையான வில் வைத்த வண்டி பிக்கப் போலத் தெரியும்; பிக்கப்பின் வேலையைச் செய்யாது. செய்பவர் இதை உரிமையாளரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

சக்கரத்தையும் மறக்காதீர்கள். மஸ்டாங் 2இன் சக்கரத்துக்கு 4 போல்ட்டுகள். அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 4.25 அங்குலம். எஃப்-100இன் சக்கரத்துக்கு 5 போல்ட்டுகள், வட்டம் 5.5 அங்குலம். அப்படியே மாட்டினால் முன்னுக்கு ஒரு சக்கரம், பின்னுக்கு வேறு சக்கரம். வழியில் டயர் வெடித்தால் ஒரே மாற்றுச் சக்கரம் இரண்டுக்கும் உதவாது.

பழைய இரும்பை நம்பலாமா?

கழித்த வண்டி ஏன் கழிக்கப்பட்டது என்று முதலில் கேட்க வேண்டும். விபத்து என்றால், கைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்திருக்கலாம்; உலோகத்தில் மெல்லிய விரிசல் ஓடியிருக்கலாம். விரிசலைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அறிவியல் உண்டு. பாகத்தை நன்கு சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் கலந்த மெல்லிய திரவத்தைத் தடவுவார்கள். நுண்புழை விளைவால் அது விரிசலுக்குள் புகுந்துகொள்ளும். மேற்பரப்பைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தெளித்தால், விரிசலில் தங்கிய சாயம் வெளியே உறிஞ்சப்பட்டுச் சிவப்புக் கோடாகத் தெரியும். மண்ணெண்ணெய் விளக்கின் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே விளைவால்தான்.

பந்து மூட்டு, ரப்பர்த் தாங்கிகள், ஷாக் அப்சார்பர் ஆகியவை தேய்பவை. அவற்றைப் பழையதாக வாங்குவதில் மிச்சம் ஏதும் இல்லை. புதிதாகவே வாங்க வேண்டும். விரிசல் கண்ட திருப்புக் கையைப் பற்றவைத்துச் சமாளிக்கக் கூடாது. வானொலி பழுதானால் பாட்டு நிற்கும். திருப்புக் கை முறிந்தால் வண்டியை வழிநடத்த எதுவும் இல்லை.

மஸ்டாங் 2 பாகங்களைத் தேடியோர் பெருகப் பெருக, கழித்த வண்டிகளில் அவை அருகிப்போயின. இன்று அதே அமைப்பின் வடிவில் புதிய பாகங்களைச் செய்து விற்கும் தொழிலே இருக்கிறது. வில்லைக்கூட வண்டியின் எடையைச் சொல்லி வாங்கலாம். எடையைச் சொல்ல வேண்டும் என்றால் முதலில் அளந்திருக்க வேண்டும், இல்லையா? ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் ஓர் எடைத்தட்டு வைத்து அளப்பதே இந்த வேலையின் முதல் படி. பற்றவைப்புக் கருவியை எடுப்பது வெகு பின்னால்.

இப்போது பட்டறைக்குத் திரும்புவோம். மூலையில் கிடக்கும் அமைப்பை மாட்டலாமா? மாட்டலாம். எடையை அளந்து, அதற்கேற்ற வில்லைத் தேர்ந்து, நிற்கும் சாய்வை முடிவு செய்து, கையும் தண்டும் ஒத்துப்போவதைச் சோதித்து, சட்டத்தை வலுவாக்கிய பிறகு. துளை போடுவது கடைசி வேலை.

செய்து பார்க்க

1. சமையலறைக் காகிதச் சுருள் தீர்ந்ததும் எஞ்சும் அட்டைக் குழாய் இரண்டை எடுங்கள். ஒன்றை நீளவாட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெட்டித் திறந்துவிடுங்கள். இரண்டையும் கைகளால் முறுக்கிப் பாருங்கள். அட்டை ஒன்றேதான், மூடிய குழாய் எவ்வளவு எதிர்க்கிறது!

2. பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு சுருள்வில்லில் 100 கிராம் தொங்கவிட்டு 20 ஆட்டங்களுக்கான நேரத்தை அளவிடுங்கள். பிறகு 400 கிராம். நிறை நான்கு மடங்கானால் நேரம் ஏறத்தாழ இரண்டு மடங்காவதைக் காண்பீர்கள். அடுத்து, ஒரே மாதிரியான இரண்டு வில்களை ஒன்றின்கீழ் ஒன்றாகக் கோத்து, 100 கிராமுக்கு எவ்வளவு நீள்கிறது என்று பாருங்கள். சுற்று கூடினால் வில் மென்மையாகும் என்பது விளங்கும்.

சிந்திக்க

1. ஒரு சக்கர வில்லின்மேல் 400 கிலோ. சக்கரத்தில் மாறிலி மீட்டருக்கு 25,000 நியூட்டன். அமுக்கம் என்ன? அதிர்வெண் என்ன?
2. வேலை செய்யும் 10 சுற்றுகள் கொண்ட வில்லில் 2 சுற்றுகளை அறுத்தால் மாறிலி எத்தனை மடங்காகும்?
3. வில் கையின் சரிபாதியில் நின்றால், சக்கரத்தில் வேண்டிய மாறிலியைப்போல் எத்தனை மடங்கு விறைப்பான வில் வேண்டும்?

விடைகள்: 1. 16 செ.மீ.; ஏறத்தாழ 1.26 ஹெர்ட்ஸ். 2. 1.25 மடங்கு. 3. 4 மடங்கு.